கணக்குப் பார்த்தா குதிக்கிறார்கள்?

'சொந்த ஆசைக்கு மலையேறி மாட்டிக்கொள்பவர்களை மீட்க ஏன் இத்தனை செலவு?' என்று கேட்கிறார் ஒரு கட்டுரையாளர். சரி, மெரினாவில் எச்சரிக்கைப் பலகையைத் தாண்டிப் போனவரை அலை இழுக்கும்போது மீனவர்கள் கணக்குப் பார்த்தா குதிக்கிறார்கள்? 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறப் போய்க் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் நம் சென்னைப் பிள்ளைகள் நிறைய பேர். முதலில் மேலே ஓடியவர்கள் அந்த ஊர் மக்கள்தான்.

ஆனால் மீட்கப் போகிறவரின் உயிர்? அங்கேதான் எனக்கும் இடிக்கிறது. அதே ஆண்டு ஜனவரியில் பாகிஸ்தானிலுள்ள நங்கபர்வதச் சிகரத்தில் சிக்கிய பிரெஞ்சு மலையேற்ற வீராங்கனை எலிசபெத் ரெவோலைத் தேடி, டெனிஸ் உருப்கோ, ஆடம் பியெலெட்ஸ்கி என்ற இரண்டு மலையேறிகள் கே2 என்ற இன்னொரு சிகரத்தின் முகாமிலிருந்து ஹெலிகாப்டரில் வந்தார்கள். இரவோடு இரவாக ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறி அவரை இறக்கினார்கள். இன்னும் உயரத்தில் கிடந்த அவருடைய கூட்டாளியிடம் போகவில்லை. வானிலை விடவில்லை. ஹெலிகாப்டர் செலவுக்கு முன்பின் தெரியாதவர்கள் இணையத்தில் பணம் போட்டார்கள்.

காப்பீடு இல்லாதவருக்கு மலையேற அனுமதி தர வேண்டாம், அப்புறம் பில்லையும் நீட்டுங்கள், ஆட்சேபம் இல்லை. மேலே ஏறுவதா திரும்புவதா என்பதை மீட்கப் போய்க் கயிறு பிடித்து நிற்பவரே சொல்லட்டும். டிவி விவாதத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அங்கே என்ன வேலை?