நெக்ஸ்ட் பட்டனுக்குக் காவல்

ராத்திரி பதினொண்ணே கால். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிச்சு வந்து, ஒரு கையில ரசம் சாதம், மறு கையில போன். திரையில வேலைக்கான ஆன்லைன் பயிற்சி, அதுல ஒரு கார்ட்டூன் பாட்டி. "கண்ணியம் என்றால் என்ன?"ன்னு இங்கிலீஷ்ல கேள்வி. நாலு விடை, அதுல மூணு அஞ்சாங்கிளாஸ் பிள்ளைக்கே சிரிப்பு வரும். சரியானதைத் தட்டியாச்சு. ஆனா நெக்ஸ்ட் பட்டன் மட்டும் மங்கிப்போய் முறைச்சுக்கிட்டு நிக்குது. வீடியோ முழுசா ஓடினாத்தான் வழிவிடுமாம்.

இது எனக்கு மூணாவது தடவைங்க! இங்கிலாந்துக்கு வந்து மூணு கேர் வேலை, அதாவது முடியாதவங்களைப் பார்த்துக்கிற வேலை, பார்த்தாச்சு. மூணு இடத்துலயும் கேர் சர்டிபிகேட்டை, இந்த வேலைக்குப் புதுசா வர்றவங்களுக்கான அடிப்படைப் பயிற்சியை, அனா ஆவன்னாவுல இருந்து ஆரம்பிக்கணும். 2013ல கமிலா கேவண்டிஷ்ங்கிறவங்க அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்து, 2015 ஏப்ரல்ல 15 பாடத்தோட இது வந்ததே, ஒரு இடத்துல கத்துக்கிட்டதை அடுத்த இடத்துக்கும் கொண்டுபோகலாம்னுதான். போன வருஷம் வாங்கின சர்டிபிகேட்டை நீட்டினேன். "எங்க போர்ட்டல்ல ஏறலையே"ன்னுட்டாங்க. உங்க போர்ட்டல்ல ஏறலைன்னா நான் அதுவரைக்கும் யாரையும் குளிப்பாட்டவே இல்லையா?

சரி, படிப்பு நல்லதுதான், படிச்சுத் தொலைக்கிறேன். ஆனா கத்துக்கொடுங்கய்யா! ஆன்லைன்ல முடிச்சா மட்டும் போதாது, வேலை செய்யுற இடத்துல ஒருத்தர் பக்கத்துல நின்னு பார்த்துத்தான் "இவருக்குக் கை வந்துடுச்சு"ன்னு கையெழுத்துப் போடணும்னு அந்தச் சர்டிபிகேட்டோட வழிகாட்டியே சொல்லுது. என்னை எவரும் பார்க்கலை. ஆனா ஃபைல்ல கையெழுத்து இருக்கு!

முதல் கம்பெனியில ஆளைத் தூக்குறதையே வீடியோவுல முடிச்சாங்க. மறுநாள் எண்பது கிலோ தாத்தா, எதிர்ல ஹாய்ஸ்ட், ஆளைத் தூக்குற மெஷின். ஆளை உட்காரவைக்கிற துணித் தொட்டில் மாதிரியான ஸ்லிங்ல ஒவ்வொரு பட்டைக்கும் மூணு கலர்ல வளையம். தோள் பக்கம் இடப்புறம் எந்தக் கலரோ வலப்புறமும் அதே கலர்ல மாட்டணும், மாறினா ஆள் ஒரு பக்கமா சாய்ஞ்சிடுவார். வீடியோவுல அது ரெண்டு செகண்ட். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது பழைய பிலிப்பைன்ஸ் அக்காதான். நான் மாட்டினதைப் பார்த்ததும் கையைத் தட்டிவிட்டு, கழட்டி, மறுபடி மாட்டவச்சாங்க. தாத்தா என் சட்டையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டிருந்தார். அந்தப் பிடியை எந்த மாட்யூல்ல வைப்பீங்க?

இதுக்கு மேல எரிச்சல் ஏத்துறது நேரக்கணக்கு. மேனேஜரம்மா வாட்ஸ்அப்ல அனுப்புறாங்க: "வெள்ளிக்கிழமைக்குள்ள நூறு சதவீதம் வரலைன்னா ரோட்டாவுல, ஷிப்ட் பட்டியல்ல, பேர் இருக்காது." படிக்கிற நேரம்? "அது உங்க சொந்த வளர்ச்சிக்கு." ஆமாம்மா, ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் நான் வளர்றேன்! முதலாளி கட்டாயம்னு சொல்ற பயிற்சி நேரமும் வேலை நேரம்தான். இந்த நாட்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பண்ணுது. விசாவுல வந்தவங்க வாயைத் திறக்கமாட்டாங்கன்னு தெரிஞ்சுதானே இந்த ஆட்டம்?

2025 மார்ச்ல பதினாறாவது பாடமும் சேர்ந்திருக்கு, கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் பத்தி. அவசியமான பாடம், மறுக்கலை. அதையும் நடுராத்திரி சோத்துக் கையோடதான் படிக்கணுமா?

இதோ, பட்டன் விழிச்சுக்கிச்சு. இதுவரைக்கும் பதினொரு மணி நேரம் ஆச்சு. டைம்ஷீட்ல தனி வரியா எழுதிட்டேன். அதுக்குக் கூலி தரமாட்டோம்னா அதை எழுத்துல கொடுங்க, பார்ப்போம்.