ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

செவ்வாய்க்கிழமை நகராட்சி மன்றக் கூட்டத்தில், பஸ் ஸ்டாண்டை இடம் மாற்றுவது பற்றிக் கேள்வி கேட்கிறவர்களைக் கவுன்சிலர் அண்ணன் கேலி செய்து பேசினார். நடந்ததை நான் மறுபடி விவரிக்கப் போவதில்லை. அந்த இரண்டு நிமிட வீடியோ நம் ஊரின் எல்லா வாட்ஸப் குரூப்பையும் சுற்றிவிட்டு, கடைசியில் என் அம்மாவின் திருவிளக்குப் பூஜை குரூப்புக்கே வந்துவிட்டது. "உன்னைப் பத்தித்தானேடா பேசுறாரு?" என்று அம்மா கேட்டார். இல்லம்மா, பொதுவாச் சொல்றாரு என்றேன்.

கோபத்தோடு எழுதக் கூடாது என்று இரண்டு நாள் பொறுத்தேன். கோபம் குறையவில்லை. எழுத்துப் பிழை வேண்டுமானால் குறைந்திருக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புதிய பஸ் ஸ்டாண்ட் வேண்டாம் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. என் பழைய பதிவுகள் அப்படியே இருக்கின்றன, தோண்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பஸ் ஸ்டாண்டை பைபாஸுக்குக் கொண்டுபோகிறோம், பழைய இடத்தையும் பக்கத்து மார்க்கெட்டையும் இடித்து நவீன வணிக வளாகம் கட்டுகிறோம் என்று முடிவெடுத்தீர்களே, அதற்கு முன்னால் தினமும் அங்கே ஏறி இறங்குகிற சனங்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? இதற்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்லியிருந்தால் போதும். நான் வளர்ச்சிக்கு எதிரி என்பது இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

அஜெண்டாவை நண்பர் ஒருவர் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். பொருள் எண் 31. அதற்கு முந்தையது குப்பை வண்டிக்கு டயர் மாற்றுவது, அடுத்தது ஒரு தெருவில் சிறுபாலம் பழுது பார்ப்பது. நடுவில் ஆறு வரியில் நம் ஊரின் தலையெழுத்து. கடைசியில் வழக்கமான அலுவலகக் குறிப்பு: "மன்றம் அனுமதிக்கலாம்." எவ்வளவு பணிவு பாருங்கள். 'அனுமதிக்க வேண்டும்' என்றுகூட எழுதவில்லை, 'லாம்' போட்டிருக்கிறார்கள். அதே 'லாம்' எங்களுக்கும் ஒன்று இருக்கிறது. கேட்டிருக்கலாம்.

உதவியாளர் எண்ணை மட்டும் வாசித்தார். யாரோ "ஆல் பாஸ்" என்றார். மேஜைகள் தட்டப்பட்டன. டயர், பஸ் ஸ்டாண்ட், சிறுபாலம் மூன்றும் ஒரே மூச்சில் பாஸ். என் மகன் ஸ்கூலில்கூட இவ்வளவு சுலபமாக ஆல் பாஸ் போட மாட்டார்கள்.

இதில் எனக்கென்ன வந்தது என்று கேட்பவர்களுக்காக என் அம்மா கதையைச் சொல்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. மாதம் ஒருமுறை ஜி.ஹெச்.சில் மாத்திரை வாங்க வேண்டும். மஞ்சப்பையில் சர்க்கரை நோட்டு, தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு இட்லி. ஏழரைக்கு டவுன் பஸ். கட்டணம் இல்லை. 2021இல் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்த நாளிலிருந்து அம்மா யாரையும் எதிர்பார்ப்பதில்லை, என் பைக்கையும் சேர்த்து. பஸ் ஸ்டாண்டின் பின்வாசல் வழியாக வெளியே வந்து, பூக்கடைகளைத் தாண்டினால் ஜி.ஹெச். கேட். மூட்டு வலியோடு நடக்கிற அம்மா நடுவில் ஒரே ஒரு இடத்தில் உட்காருவார், மூடிக் கிடக்கும் பழைய பால் பூத் திண்ணையில். அந்தத் திண்ணையில் காலை எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து வந்த அம்மாக்கள் அத்தனை பேரும் அதே மாதிரிப் பையோடு உட்கார்ந்திருப்பார்கள். யாருக்குச் சர்க்கரை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதுதான் பேச்சு.

இனிமேல் டவுன் பஸ்ஸும் பைபாஸில் நின்றுவிடும். அங்கிருந்து ஜி.ஹெச்.சுக்கு ஷேர் ஆட்டோ. இலவசமாக வந்த அம்மா ஆட்டோவுக்குக் காசு கொடுக்க வேண்டும், போக ஒன்று, வர ஒன்று. "அப்போ நான் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போறது?" என்று அம்மா கேட்டார். நான் எழுப்பிய கேள்விகளிலேயே உருப்படியானது அதுதான். அதுவும் என்னுடையது இல்லை. அந்தத் திண்ணையில் ஒரு நாள் காலை யாராவது வந்து உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்வி தானாகவே காதில் விழுந்திருக்கும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சரி, டிராஃபிக். எனக்குத் தெரியும், முதல் கமெண்டே இதுதான் வரும். ஒத்துக்கொள்கிறேன். காலை ஒன்பது மணிக்கு அந்த முக்கில் பஸ் திரும்புவதற்குள் நமக்கு வயசாகிவிடுகிறது. ஒருமுறை ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டு அலறியதை நானே பார்த்தேன். ஆனால் அன்றைக்கு வழியை அடைத்தது பஸ்ஸா? ஜவுளிக்கடை வாசலில் இரண்டு வரிசையாக நின்ற கார்கள். அந்தக் கார்களை பைபாஸுக்கு மாற்றலாம் என்று எந்தப் பொருள் எண்ணிலும் நான் பார்த்ததில்லை. விடுங்கள்.

இரண்டாவது, "எல்லா ஊரிலும் மாற்றுகிறார்கள், நம் ஊர் மட்டும் பழசாகவே கிடக்கணுமா?" இதற்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் செவ்வாய்க்கிழமை அடித்த மேஜைத் தட்டலில் பாதி இதற்குத்தான்.

மதுரையை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூர் பஸ்ஸுக்கு மாட்டுத்தாவணி, ஊருக்குள் போவதற்குப் பெரியார் பஸ் ஸ்டாண்ட். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் பெரியாரை இடித்துக் கட்டினார்களே, எங்கே கட்டினார்கள்? அதே இடத்தில். திருச்சியில் பஞ்சப்பூர் பேருந்து முனையத்தை 2025 மே மாதம் திறந்தார்கள். அதற்காக சத்திரம் பஸ் ஸ்டாண்டை மூட்டை கட்டி பைபாஸுக்கு அனுப்பிவிடவில்லை. அதாவது நாம் உதாரணம் காட்டுகிற ஊர்களிலேயே வெளியூர் பஸ்தான் வெளியே போனது, டவுன் பஸ் ஊருக்குள் இருக்கிறது. நம் ஊரில் மட்டும் ஏன் இரண்டையும் சேர்த்துத் தூக்குகிறார்கள்? ஏனென்றால் காலி இடம் வேண்டும். ஏனென்றால் வணிக வளாகம். இதை நான் சொன்னால் எனக்கு உள்நோக்கம்.

சென்னைக்கு வெளியே கட்டிய கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டையும் ஒருவர் உதாரணம் சொன்னார். அண்ணே, நீங்கள் அங்கே போய் இறங்கியிருக்கிறீர்களா? 88 ஏக்கர், ஏறக்குறைய 400 கோடி ரூபாய், 2023 டிசம்பர் 30 அன்று திறப்பு விழா. கட்டடத்தைக் குறை சொல்ல மாட்டேன், நம் ஊர்க்காரர்கள் கழிப்பறையைப் பார்ப்பதற்காகவாவது ஒருமுறை போய் வரலாம். ஆனால் திறந்த அன்று பக்கத்தில் ரயில் நிறுத்தமும் கிடையாது, மெட்ரோவும் கிடையாது. அடுத்து வந்த பொங்கலுக்கு விடியற்காலையில் நான் குடும்பத்தோடு அங்கே இறங்கினேன். ஊரிலிருந்து அங்கே வந்து சேர்ந்த அலுப்பைவிட அங்கிருந்து மச்சினர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த அலுப்புதான் இன்னும் நினைவிருக்கிறது. முதலில் போகிற வழி, அப்புறம் நிலையம் என்று யோசிக்க ஆள் இல்லாமல் போனது சென்னையிலேயே. நம் ஊரில் நகராட்சி மினி பஸ் விடுமாம். யார் விடப் போகிறார்கள், எத்தனை மணிக்கு, எந்த வழியில்? ஆறு வரிக்குள் அதற்கு இடம் போதவில்லை போலிருக்கிறது.

மூன்றாவது கமெண்டை நானே எழுதிவிடுகிறேன். "இவ்வளவு பேசுகிறவர் பகுதி சபைக்குப் போனாரா? அங்கே சொல்ல வேண்டியதுதானே?"

போனேன் ஐயா. அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்தது. அதில் நகராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று 18 பொறுப்புகளை எழுதியிருக்கிறார்கள், பட்டியலில் முதலாவதே நகரத் திட்டமிடல். அதைப் பற்றியெல்லாம் வார்டு சனங்கள் கூடிப் பேசுகிற இடம்தான் பகுதி சபை. நம் மாநிலத்தில் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதன்முதலாகப் பகுதி சபை கூடியபோது நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். சிரிக்காதீர்கள். 2016இல் கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்து, 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும் வரை ஐந்து வருஷத்துக்கு மேல் அரசு நியமித்த தனி அலுவலர்தான் நமக்கு எல்லாம். சாக்கடைக்கு யாரிடம் சொல்வது என்றே தெரியாமல் கிடந்தோம். நம் ஆள் ஒருவர் வந்தால் கேட்பார் என்று நம்பித்தான் வரிசையில் நின்றேன். யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று இதுவரை சொன்னதில்லை. வீடியோவில் பேசினாரே, அவருக்குத்தான்.

அந்தச் சபையில் எழுந்து நின்று, பஸ் ஸ்டாண்டில் பெண்கள் கழிப்பிடத்துக்குத் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை, முதலில் இருப்பதைச் சரி செய்யுங்கள் என்று சொன்னேன். ஒரு அலுவலர் நோட்டில் எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போடும்போது தலைகீழாகவே படித்துவிட்டேன். "தெருவிளக்கு கோரிக்கை" என்று இருந்தது. எனக்கு அடுத்து நின்றவர் கேட்டதை என் பேரில் எழுதிவிட்டாரா, அல்லது வருகிறவன் எல்லாம் தெருவிளக்குத்தான் கேட்பான் என்று முன்பே எழுதி வைத்திருந்தாரா, தெரியவில்லை. இரண்டு மாதத்தில் எங்கள் தெருவுக்குப் புது விளக்கு வந்தது. நன்றி. தாழ்ப்பாள் இன்னும் வரவில்லை.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். சுற்றிச் சுற்றி வந்தது அதற்குத்தான் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். "பஸ் ஸ்டாண்டுல கடை போட்டுப் பொழச்ச குடும்பம், கடை போயிடும்னு பயம், அதான் ஃபேஸ்புக்ல கத்துறாங்க." சிரிப்புச் சத்தம். வீடியோவில் 1:20.

ஆமாம், அண்ணே. பிழைத்த குடும்பம்தான். டைம் கீப்பர் அறைக்குப் பக்கத்தில் மாடிப்படிக்குக் கீழே நாலடி அகலத்தில் ஒரு பெட்டி. வாட்ச் ரிப்பேர். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு அப்பா குனிந்தால் பஸ் ஹாரன்கூட காதில் விழாது. டைம் கீப்பர் அறைச் சுவர்க் கடிகாரம் நின்றுபோனால் அப்பாதான் ஸ்டூல் போட்டு ஏறிச் சரி செய்வார். அதற்குக் காசு வாங்கியதில்லை. ஊரே அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஓடும். தினமும் சாயங்காலம் வசூல்காரர் வாடகைச் சீட்டுக் கிழிப்பார். அப்பா அதை ஒரு வளைந்த கம்பியில் குத்தி வைப்பார். ஒரு நாள் விட்டதில்லை.

2012இல் ஒரு விடியற்காலை ஜே.சி.பி. வந்தது. மறுநாள் பேப்பரில் "ஆக்கிரமிப்புகள் அகற்றம்" என்று செய்தி. போட்டோவில் அப்பாவின் பெட்டி மல்லாந்து கிடந்தது, நான்கு காலும் மேலே. கம்பி நிறையச் சீட்டு வைத்திருந்த மனிதர் ஒரே ராத்திரியில் ஆக்கிரமிப்பாளர். கணக்கெடுக்காமல் யாரையும் அகற்றக் கூடாது, இடம் மாற்றுவதானால் 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்றெல்லாம் சாலையோர வியாபாரிகளுக்கு 2014இல் சட்டம் வந்தது. அப்பாவுக்கு இரண்டு வருஷம் பிந்திவிட்டது. அதற்கப்புறம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தார். திண்ணைக்கு யார் வாட்ச் கொண்டுவருவார்கள்? 2015இல் போய்விட்டார்.

ஆகவே, கடை போய்விடும் என்ற பயம் எனக்கு இல்லை. போய்ப் பதின்மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்றைக்கும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அப்பா எதிர்த்திருக்கவும் மாட்டார். அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீங்கள் காட்டுகிற மூலைக்குப் போயிருப்பார். அப்படிப்பட்ட மனிதர். கொஞ்சம் எனக்கு அதில் கோபம்கூட உண்டு.

மார்க்கெட்டில் கீரைக்கட்டு விற்கிற அக்காக்கள், பின்வாசல் பூக்கடைக்காரர்கள், பழ வண்டிக்காரர்கள் கையிலும் இன்றைக்கு அதே மாதிரிச் சீட்டு இருக்கிறது. பொருள் எண் 31இல் அவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. வளாகத்தில் கடை கொடுப்போம் என்கிறீர்கள். ஏலத்துக்கு டெபாசிட் கட்டுகிற கீரைக்கார அக்காவை எனக்குக் கொஞ்சம் காட்டுங்கள், பார்த்துக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

கட்சிச் சண்டை போடுகிற கமெண்ட்டுகளை எடுத்துவிடுவேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்சி ஆண்டாலும் அந்தக் கட்சி ஆண்டாலும் பேவர் பிளாக் ஒரே நிறம்தான். அந்த கவுன்சிலர் அண்ணனைத் திட்டியும் எழுத வேண்டாம். அவர் வீட்டு விசேஷத்துக்கு நான் போவேன், என் வீட்டுக்கு அவர் வருவார். ஊர் அப்படி.

நேற்றுத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதினேன். போக்குவரத்து ஆய்வு நடந்ததா, நடந்தால் அதன் நகல், பயணிகளிடமும் வியாபாரிகளிடமும் கருத்துக் கேட்ட தேதி, இடம். மூன்றே கேள்வி. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ரிஜிஸ்டர் தபாலில் போட்டாயிற்று. 30 நாளில் பதில் தர வேண்டும். தபால் ரசீதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, தொலைத்துவிடுவேன். அம்மாதான் பரணிலிருந்து அப்பாவின் கம்பியை எடுத்துக் கொடுத்தார். பழைய சீட்டெல்லாம் மையே தெரியாமல் வெளுத்துக் கிடக்கின்றன. அதற்கு மேலே குத்தி வைத்திருக்கிறேன்.