யாழ்ப்பாணம் திசைகாட்டிக்குத்தானா வாக்களித்தது?

2024 நவம்பர் 14 இலங்கைப் பாராளுமன்றத் தேர்தல் முடிவு வந்ததிலிருந்து கொழும்பில் இருக்கும் சிங்கள நண்பர்கள் வாழ்த்து அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள், ஏதோ நாங்கள் பரீட்சையில் பாஸ் பண்ணிவிட்ட மாதிரி. யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 ஜனாதிபதி அநுரவின் தேசிய மக்கள் சக்திக்கு, அதுதான் திசைகாட்டிச் சின்னக் கட்சிக்கு. எனக்கும் கொஞ்சம் சந்தோசம்தான். ஆனால் வயிற்றையும் பிசைகிறது.

சந்தோசம் எதற்கென்றால், எங்கள் தலைவர்களுக்கு இந்த அடி தேவைதான். செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் வீட்டுச் சின்னத் தமிழரசுக் கட்சி சஜித் பிரேமதாசவுக்கு ஆதரவு என்றது. அதே கட்சிக்காரரான அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்றார். கட்சித் தலைமைப் பிரச்சினையோ நீதிமன்றம் வரை போனது. எங்கள் மாமி காலம் காலமாக வீட்டுக்குப் போட்டு வந்தவர். இந்த முறை திசைகாட்டி. ஏன் மாமி என்று கேட்டதற்கு, "உவங்கள் பதினைஞ்சு வருஷமா என்னத்தைக் கிழிச்சவங்கள்? இவங்களையும் ஒருக்காப் பாப்பம்" என்றார். அதில் சிங்களக் கட்சி, தமிழ்க் கட்சி என்ற பேச்சே இல்லை.

ஆனால் தென்னிலங்கையில் சிலர் இதை வேறு மாதிரி வாசிக்கிறார்கள். தமிழர்கள் அதிகாரப் பகிர்வையெல்லாம் மறந்து அபிவிருத்தியின் பக்கம் வந்துவிட்டார்களாம். கணக்கை ஒருமுறை பாருங்கள். இங்கே திசைகாட்டிக்கு விழுந்தது ஏறத்தாழ 80 ஆயிரம் வாக்குகள், செல்லுபடியானவற்றில் நாலில் ஒரு பங்கு. முதலிடம் பிடிக்கும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் உண்டு. மிச்ச வாக்குகள் வீடு, சைக்கிள், சங்கு, மாம்பழம், ஊசி என்று பல சின்னங்களுக்குச் சிதறிப்போனதால் அந்தக் கால் பங்கு பாதி ஆசனங்களாகிவிட்டது. மட்டக்களப்பில் மக்கள் வீட்டுக்கே முதலிடம் கொடுத்தார்கள். 22 மாவட்டங்களில் திசைகாட்டி வெல்லாதது அது ஒன்றுதான். அதைப் பற்றி யாரும் மூச்சு விடக் காணோம்.

அதற்காக அந்த 80 ஆயிரத்தைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது. செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் அநுரவுக்கு இங்கே கிடைத்தது 27 ஆயிரம்தான். இரண்டு மாதத்துக்குள் மூன்று மடங்கு. ஊழல் இல்லாத ஆட்சி வேண்டும் என்ற ஆசை எங்களுக்கும் உண்டு, வேலை தேடி அலையும் பெடியளுக்கு இன்னும் கூட.

பயம் எங்கே என்றால், தேசிய மக்கள் சக்தியின் மூலக் கட்சியான ஜேவிபியின் பழைய கணக்கு எனக்கு மறக்கவில்லை. 2006இல் ஒன்றாயிருந்த வடக்கு கிழக்கு மாகாணங்களைப் பிரித்த தீர்ப்பு ஜேவிபியினர் தொடுத்த வழக்கில் வந்தது. 2005இல் மகிந்த ராஜபக்சவை ஜனாதிபதியாக்க மேடை மேடையாக ஏறியவர்களும் இவர்கள்தான். ஆட்கள் மாறலாம், சரி. ஆனால் மாறிவிட்டோம் என்று அவர்கள் வாயால் இன்னும் தெளிவாக வரவில்லையே. இனவாத அரசியலுக்கு இனி இடமில்லை என்று ஜனாதிபதி பாராளுமன்றத்தில் சொன்னது நல்ல விஷயம். இனவாதம் இல்லை என்பதும் இனப்பிரச்சினையைத் தீர்ப்பதும் ஒன்றல்ல. 'எல்லாரும் இலங்கையர்' என்று சொல்லி எங்கள் கேள்விகளை மூடிவிடுவார்களோ என்பதுதான் என் சந்தேகம்.

நாடு முழுக்க அவர்களுக்கு 225இல் 159 ஆசனங்கள். மூன்றில் இரண்டுக்கு 150 போதும். முன்னைய அரசுகள் சொன்ன 'பாராளுமன்றத்தில் பலம் இல்லை' என்ற சாட்டு இவர்களுக்கு இல்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 1979இல் தற்காலிகம் என்று வந்த சட்டம் அது. மாகாண சபைத் தேர்தலை ஒரு வருடத்துக்குள் நடத்துவோம் என்றும் சொன்னார்கள். வடக்கு மாகாண சபை 2018 ஒக்டோபரோடு முடிந்தது, அன்றிலிருந்து ஆளுநர் ஆட்சிதான். பலாலிப் பக்கம் வீதி திறந்தது சரி, இராணுவம் வைத்திருக்கும் காணிகள் எப்போது? காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாமார் 2017இலிருந்து தெருவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில்?

யாழ்ப்பாணத்தில் வென்ற அந்த மூன்று பேரிடமும் இதைத்தான் கேட்கப் போகிறேன். வீதி, வேலை, மீன்பிடித் துறைமுகம் எல்லாம் கேட்க மாமி இருக்கிறார், அவர் விடமாட்டார்.