பரிசு வாங்காத பிள்ளைக்கும் உரிய தைரியம்

பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் நம்முடைய பல சபைகளில் மாணவர்களுக்கென்று சிறப்பு ஜெபம் நடைபெறுவது வழக்கம். பிள்ளைகள் நுழைவுச்சீட்டையும் பேனாவையும் கையில் பிடித்தபடி பீடத்தின் முன் முழங்காற்படியிடுவார்கள். குருவானவர் ஒவ்வொருவர் தலையிலும் கைவைத்து ஆசீர்வதிப்பார். அந்த வேளையில் பெரும்பாலும் சொல்லப்படும் வசனம், "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பது. அந்த ஜெபத்தை நான் மிகவும் மதிக்கிறேன்; பயந்து நிற்கும் ஒரு பிள்ளையின் தலையில் ஒரு பெரியவரின் கை தங்குவதே பெரிய ஆறுதல். ஆனால் அந்த வசனத்தை வெற்றிக்கான உத்தரவாதமாக நாம் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. விசுவாசம் இருந்தால் ஜெயம் நிச்சயம் என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, தேர்வில் தவறும்போது மதிப்பெண்ணை மட்டும் இழப்பதில்லை. கடவுள் தன்னைக் கைவிட்டார் என்றோ, தன் விசுவாசம் போலியானது என்றோ முடிவுகட்டிவிடுகிறது.

அப்போஸ்தலரான பவுல், பிலிப்பியருக்கு எழுதின நிருபத்தில் அந்த வரியை எழுதியபோது சிறையில் இருந்தார். அதற்கு முந்தைய இரண்டு வசனங்களையும் சேர்த்து வாசித்தால், தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் போதிக்கப்பட்டேன் என்று அவர் சொல்லிக்கொண்டு வருவது தெரியும். நினைத்ததெல்லாம் நடக்கும் என்று அவர் சொல்லவே இல்லை. நடக்காமல் போனாலும் நொறுங்கிப்போகாமல் நிற்பதற்கான பெலனைப் பற்றித்தான் பேசுகிறார். கிறிஸ்தவ விசுவாசம் ஒரு மனிதருக்குத் தரும் தன்னம்பிக்கை இந்த வகையைச் சேர்ந்தது என்பதே என் உறுதியான கருத்து.

இந்தத் தைரியம் எங்கிருந்து பிறக்கிறது? எனக்கு விளக்கமாகத் தெரியும் இடம் யோர்தான் நதிக்கரை. மாற்கு எழுதிய சுவிசேஷத்தில், இயேசு ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறும்போது, "நீர் என்னுடைய நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன்" என்ற சத்தம் வானத்திலிருந்து உண்டாகிறது. அது முதல் அதிகாரத்தின் பதினோராம் வசனம். அதுவரை அந்த நூலில் அவர் ஒரு நோயாளியையும் குணமாக்கவில்லை, ஒரு பிரசங்கமும் செய்யவில்லை, ஒரு சீஷனையும் அழைக்கவில்லை. செயலுக்கு முன்பே பிரியம் அறிவிக்கப்படுகிறது. நம் வீடுகளில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது: முதலில் மதிப்பெண், பிறகு பாராட்டு, முதலில் வேலை, பிறகு மரியாதை, முதலில் திருமணம், பிறகு அந்தஸ்து. ஒவ்வொரு படியிலும் தன்னை நிரூபித்துக்கொண்டே இருக்கவேண்டிய ஒருவருக்குத் தோல்வி என்பது மரணத்துக்குச் சமமாகிவிடுகிறது. ஏற்கெனவே நேசிக்கப்பட்டவர் என்று தன்னை அறிந்தவரோ தோற்கும் அபாயம் உள்ள ஒரு காரியத்தையும் துணிந்து தொடங்குவார். தெரியாததைத் தெரியாது என்பார். திருத்தினால் கோபப்படாமல் கேட்டுக்கொள்வார்.

பழைய ஏற்பாட்டில் வரும் கிதியோனின் கதையும் அப்படித்தான். எதிரிகளான மீதியானியருக்குப் பயந்து, திராட்சை ஆலையின் மறைவில் கோதுமையைப் போரடித்துக்கொண்டிருந்தவனைத்தான் தூதன் "பராக்கிரமசாலியே" என்று அழைக்கிறான். என் குடும்பம் எளியது, என் வீட்டாரிலும் நானே சிறியவன் என்று அவன் தயங்கியபோது, கர்த்தர் அந்த விவரத்தை மறுக்கவில்லை. அதற்கு முன்பே "உனக்கு இருக்கிற இந்தப் பெலத்தோடே போ" என்று சொல்லியிருந்தவர், இப்போது அவனோடு தாம் இருப்பதாகச் சொன்னார். இல்லாத பெலனை இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளும்படி அவனிடம் கேட்கப்படவில்லை என்பது எனக்கு எப்போதும் ஆறுதலாக இருக்கிறது.

வேதாகமக் காலத்துக்குப் போகாமலே, நம் வேலூரில் இதற்கு ஒரு சான்று உண்டு. கேரளத்தில் பிறந்த மேரி வர்கீஸ், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பெண்நோய் மருத்துவத்தில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த இளம் மருத்துவர். 1954ஆம் ஆண்டு, சக மருத்துவர்களோடு அவர் சென்ற வண்டி விபத்துக்குள்ளானது. தண்டுவடம் சிதைந்து கால்கள் இரண்டும் செயலிழந்தன. முகத்திலும் ஆழமான காயம். பிரசவ அறையிலும் அறுவைசிகிச்சை மேசையிலும் நின்றே வேலைசெய்யப் பழகியிருந்த ஒருவருக்கு, எதிர்காலம் அன்றோடு முடிந்துவிட்டதாகவே யாருக்கும் தோன்றியிருக்கும். அவர் ஆழ்ந்த விசுவாசி. ஆனாலும் கால்கள் திரும்பக் கிடைக்கவில்லை.

அதே மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்துவந்த பால் பிராண்ட் அவருக்கு ஒரு வழியைக் காட்டினார். கை அறுவைசிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம். நோயாளியின் கை மேசையின்மேல் நீட்டப்பட்டிருக்க, மருத்துவர் எதிரில் அமர்ந்தால் போதும். நன்றாக இயங்கும் ஒரு தசையின் தசைநாணைப் பிரித்தெடுத்து, முடங்கிய விரல்களோடு இணைத்துத் தைக்கும் மிக நுணுக்கமான வேலை அது. சிகிச்சைக்குப் பிறகு நோயாளி, பழைய வேலையை மறந்து புதிய வேலையைச் செய்யும்படி அந்தத் தசையைப் பழக்கவேண்டும். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி இந்தச் சிகிச்சையைக் கற்றுத் தேர்ந்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அதற்கென்று ஒரு துறையையே கட்டியெழுப்பினார். 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தண்டுவடம் பாதிக்கப்பட்டு, இனி எதற்கும் ஆகமாட்டோம் என்று எண்ணி வந்த நோயாளிகளுக்கு முன்னால், அதே பாதிப்போடு ஒரு மருத்துவர் நாற்காலியில் வந்து நின்றது எத்தனை பெரிய மருந்தாக இருந்திருக்கும்! அவருக்கு உதவிய மருத்துவர்களையும், கற்றுக்கொடுத்தவர்களையும், அவருடைய கடும் உழைப்பையும் விலக்கிவிட்டு இதை வெறும் அற்புதமாகச் சொல்லக்கூடாது. அவருக்கு இருந்த பெலத்தோடே அவர் போனார்.

தன்னம்பிக்கை என்று பேசினாலே அது பெருமைக்கு வழிவகுக்கும் என்று நம் மூத்தவர்களில் சிலர் அஞ்சுகிறார்கள். ஆனால் ரோமருக்கு எழுதின நிருபம் பன்னிரண்டாம் அதிகாரத்தில், ஒருவன் தன்னைக்குறித்து எண்ணவேண்டியதற்கு மிஞ்சி எண்ணாமல் தெளிந்த எண்ணமுள்ளவனாய் இருக்கவேண்டும் என்றுதான் பவுல் கேட்கிறார். மிஞ்சாமல் இருப்பதற்காகக் குறைத்து எண்ணச் சொல்லவில்லை. "நீ ஒன்றுக்கும் உதவாதவன்" என்று பிள்ளையிடம் சொல்வது தாழ்மையைக் கற்பிப்பதாகாது. தேவசாயலாகப் படைக்கப்பட்ட ஒன்றை இழிவுபடுத்துவதாகவே அது ஆகும்.

சபை இதை நன்றாகவே செய்யும் ஓர் இடமும் உண்டு. ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்க ஒரு பதின்மூன்று வயதுச் சிறுமியை அனுப்பிப் பாருங்கள். ஒலிவாங்கி அவள் உயரத்துக்கு இருக்காது. ஆலயப் பணியாளரான கோயில்குட்டியார் வந்து தாழ்த்திவிடுவார். முதல் வசனம் தொண்டையிலேயே நிற்கும். நெபுகாத்நேச்சார் என்ற பெயரில் நாக்கு இடறும். யாரும் சிரிக்கமாட்டார்கள். வாசித்து முடித்து இறங்கும்போது, முன்வரிசைப் பாட்டி ஒருவர் கையைப் பிடித்து, "நல்லா வாசிச்ச மக்கா" என்பார். அடுத்த முறை அவளே பெயர்களை முந்தைய நாள் இரவு சொல்லிப் பார்த்துக்கொண்டு வருவாள். வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்த எத்தனையோ பேருக்கு மேடைப்பேச்சின் முதல் பயிற்சி, ஆலயத்தின் இந்த வாசிப்பு மேசையில்தான் கிடைத்தது. இடறினாலும் வெளியே தள்ளப்படமாட்டோம் என்ற உறுதி உள்ள இடத்தில்தான் தைரியம் வளரும். ஆகவே நன்றாக வாசிக்கும் அதே நான்கு பிள்ளைகளையே திரும்பத் திரும்ப அழைக்காமல், தயங்கி நிற்பவர்களையும் அழைக்கவேண்டும் என்று ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும். வாரக்கணக்கில் தூக்கமின்றி, எதிலும் விருப்பமின்றி இருக்கும் ஒருவரிடம் "விசுவாசம் குறைந்துவிட்டது, இன்னும் ஜெபி" என்று சொல்வது கொடுமை. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, தான் சாகவேண்டும் என்று கோரியபோது, தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும், மருந்தை ஒழுங்காகக் கொடுப்பதும், இரவில் கூடவே இருப்பதும் அந்தத் தூதனின் வேலையைச் சேர்ந்தவை. ஜெபம் அவற்றோடு சேர்ந்தே நடக்கட்டும்.

தேர்வு முடிவுகள் வந்ததும், அதிக மதிப்பெண் பெற்றவர்களை ஆராதனையின் முடிவில் அழைத்துப் பரிசு கொடுப்பது நம் வழக்கம். கொடுக்கட்டும், உழைத்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பாகவே, தவறிய பிள்ளைகளின் வீடுகளுக்குக் குருவானவரும் சபைப் பெரியவர் ஒருவரும் போய்வர வேண்டும். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் தேதியைக் கேட்டறிந்து, கட்டணம் கட்ட வழியில்லாத வீட்டுக்குச் சபையின் தர்மப்பணத்திலிருந்து கொடுத்து, கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தரக்கூடிய வாலிபர் இருவரை அந்தப் பிள்ளையோடு மாலை வேளைகளில் உட்கார வைக்கவேண்டும். பீடத்தின் முன் அந்தப் பிள்ளையின் தலையில் கைவைத்தவர்கள் நாம்தான். முடிவு வந்த வாரத்திலும் நாம்தான் போய் நிற்கவேண்டும்.