சென்ட்ரிங் பிரிக்கும் நாளை யார் முடிவு செய்வது?

தொழில் தெரிந்த ஆட்களை வேலை வாங்குவது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் சிலர் கண்டிப்பு வேண்டும் என்கிறார்கள், சிலர் கனிவு வேண்டும் என்கிறார்கள். தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் மார்த்தாண்டத்திலும் அந்தப் பக்கம் பாறசாலையிலும் வீட்டு வேலைகளை மேற்பார்வை செய்து வரும் எனக்கு, இவை இரண்டுமே பிறகு வருபவை என்றுதான் தோன்றுகிறது. ஒரு கொத்தனார் தன் சூப்பர்வைசரை எடைபோடுவது, வீட்டுக்காரரிடம் அவர் எதற்கு 'முடியாது' என்று சொல்கிறார் என்பதை வைத்துத்தான்.

எங்கள் ஊர்களில் பால் காய்ச்சுக்கு, அதாவது புதுவீடு குடிபுகும் சடங்குக்கு, நாள் குறித்துவிட்டால் வேலையின் கணக்கே மாறிவிடும். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருக்கும் வீட்டுக்காரரின் கையில் திரும்பிப் போகும் டிக்கெட் இருக்கும்; கான்கிரீட் தளம் வார்த்த ஈரம் காய்வதற்குள், அதை அடியிலிருந்து தாங்கும் சென்ட்ரிங்கின் முட்டுகளை எடுத்துவிட்டால் உள்ளே பூச்சைத் தொடங்கலாமே என்று கேட்பார். அவருடைய அவசரம் பொய்யல்ல. ஆனால் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன்படி, தாங்கும் சுவர்களுக்கோ பீம்களுக்கோ இடையே 4.5 மீட்டர் வரை தூரமுள்ள தளத்துக்கு 7 நாளும், அதற்கு மேற்பட்டால் 14 நாளும், 6 மீட்டரைத் தாண்டும் பீமுக்கு 21 நாளும் முட்டுகள் நிற்க வேண்டும். அதுவும் சாதாரண போர்ட்லண்ட் சிமென்டுக்கான கணக்கு. நாங்கள் பெரும்பாலும் வாங்கும் பி.பி.சி. (போர்ட்லண்ட் பொசோலானா சிமென்ட்) தொடக்கத்தில் மெதுவாகவே வலுவேறும் என்பதால் இன்னும் பொறுப்பதே நல்லது.

பாறசாலைப் பக்கத்து வேலை ஒன்றில் இப்படியொரு பேச்சு நடந்தபோது, எங்கள் மூத்த கொத்தனார் தளத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் அவரையும் இழுத்தார். "சார் சொன்னா பிரிச்சிரலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் குழாயைத் திருப்பிக்கொண்டார். 14 நாள் முடியாமல் ஒரு முட்டும் நகராது என்று நான் சொன்னேன். வீட்டுக்காரர் முகம் சுளித்தார், அவ்வளவுதான். அடுத்த மாடி வார்ப்பதற்கு முந்தைய மாலை அதே கொத்தனார் என்னைத் தானாகவே கூப்பிட்டு, பீமின் அடியில், கம்பியைப் பலகையிலிருந்து தள்ளி நிறுத்தும் சிறு கட்டையான கவர் பிளாக் நழுவிக் கம்பி பலகையைத் தொட்டுக்கொண்டிருந்த இடத்தை டார்ச் அடித்துக் காட்டினார். காட்டாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. கடற்காற்று வீசும் எங்கள் பகுதியில் சில வருடங்களில் துருவாக அது வெளியே வந்திருக்கும். தரத்தில் விட்டுக்கொடுக்கும் சூப்பர்வைசரிடம் தொழிலாளி குறையைக் கொண்டுவர மாட்டார்; கொண்டுவந்து என்ன பயன் என்று நினைப்பார்.

கலவையில் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுவதும் இப்படித்தான். எம்20 என்ற தரக் கான்கிரீட் கலவைக்கு 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் போகக் கூடாது என்பது மிக்சர் ஓட்டுபவருக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு வாளி சேர்க்கிறார் என்றால், கலவையை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் ஓடவில்லையா, சட்டி சுமக்க ஆள் குறைவா என்று முதலில் பார்க்க வேண்டும். இறுகிய கலவையை வெறும் கரண்டியால் பரப்பச் சொல்லிவிட்டு வாளிக்காகத் திட்டுவதில் எந்த நியாயமும் இல்லை. (வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த தம்பிகளிடம் ஓட்டை இந்தியில் திட்டுவது இன்னும் மோசம், காரணம் போய்ச் சேராது, கோபம் மட்டும் சரியாகப் போய்ச் சேரும்.)

காத்திருப்பதால் நட்டப்படுபவர் உண்மையில் சென்ட்ரிங்காரர்தான். அவருடைய இரும்பு ஷீட்டும், முட்டாக நிற்கும் ஜாக்கியும் நம் தளத்தின் அடியில் முடங்கிக் கிடக்கின்றன. அவற்றை அடுத்த வேலைக்குக் கொண்டுபோனால்தான் அவருக்குக் காசு. சதுர அடிக்கு அடிமாட்டு விலை பேசிவிட்டு, பிறகு அவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது நம் தவறு. ஆகவே விலை பேசும்போதே அந்த நாட்களின் வாடகையையும் சேர்த்துக் கணக்கிடுகிறேன். தளம் வார்த்த தேதியையும் பிரிக்கும் தேதியையும் வாசல் தூணில் பெயின்டால் எழுதி வைக்கிறேன். பால் காய்ச்சுக்கு நாள் பார்க்கப் போகும் வீட்டுக்காரர் அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு ஜோசியரிடம் போகட்டும்.