உனக்கென்ன, தனியாள்தானே!

சனிக்கிழமை மத்தியானம் சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் ஆறு பேர் மேசைக்கு ஒற்றை ஆளாகக் காவல் இருந்திருக்கிறீர்களா? நான் இருந்தேன். 1 மணி 20 நிமிடம்.

11.30க்கு வரச் சொன்னதே அண்ணிதான். 11.40க்குச் செய்தி வருகிறது: "கிளம்பிட்டோம்". அப்படியென்றால் குளியலறையில் இன்னும் தண்ணீர் ஓடுகிறது என்று அர்த்தம். ஒரு நாற்காலியில் கைப்பை, ஒன்றில் குடை, மேசையில் டிஷ்யூ பாக்கெட், எதிர்ப்பக்கம் தண்ணீர் போத்தல். ஆவி பறக்கும் மீ கோரிங் நூடல்ஸ் தட்டுடன் ஒரு தாத்தா வந்தார். "ஆள் வருதாம்மா?" "வர்றாங்க தாத்தா." ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி வந்தார். "வர்றாங்க தாத்தா." மூன்றாம் முறை அவர் கேட்கவே இல்லை. மீ கோரிங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குடையை எடுத்து இடம் கொடுத்தேன். நிதானமாகச் சாப்பிட்டு, தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, "வருவாங்கம்மா" என்று ஆறுதலும் சொல்லிவிட்டுப் போனார். இவர்கள் வரவில்லை.

12.50க்கு வந்தார்கள். மன்னிப்பா? "பிள்ளைங்களைக் கிளப்புறதுக்குள்ள உயிர் போகுதும்மா. உனக்கென்ன, தனியாள், நேரம் கிடக்கு." சரி. பிரியாணி வந்தது. முதல் கவளம்கூட இறங்கவில்லை, அதே வாய்: "33 ஆச்சு. காலம் யாருக்கும் காத்திருக்காதும்மா."

காத்திருக்காதாம்! நான்தான் காத்திருந்தேனே அண்ணி, தேநீர் ஆறிப்போக!

எனக்கு நேரம் இருக்கிறதா, இல்லையா? யாராவது ஒரு முடிவுக்கு வாருங்கள். சொந்தக்காரர்களுக்காகக் காத்துக் கிடக்க இருக்கிறது. கல்யாணத்துக்கு இல்லை. வீடென்றால் மறுபடி இருக்கிறது: ஜோடியாகப் போனால் 21 வயதிலேயே அரசாங்கத்தின் புது அடுக்குமாடி வீட்டுக்கு மனுப் போடலாம், தனியாளுக்கு 35 ஆக வேண்டும். கருமுட்டை? 2023 ஜூலையிலிருந்து 37 வயதுவரை உறைய வைத்துக்கொள்ளலாம். எடுத்துப் பயன்படுத்தத் தாலி ஏற வேண்டும். அதாவது என் முட்டையும் குளிரில் உட்கார்ந்துகொண்டு "வர்றாங்க தாத்தா" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

இதெல்லாம் போகட்டும். இடம் பிடிக்க வைத்த என் குடையை அண்ணன் மகன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். இன்று காலை கொட்டுகிற மழையில் தொப்பலாக நனைந்து வேலைக்குப் போனேன். அண்ணிக்கு ஃபோன் போட்டால், "அடுத்த சனிக்கிழமை தேக்காவுக்கு வா, கொண்டாறேன்."

11.30க்காம்.