ஆக்லாந்து சந்தையில் எங்கள் மரத்தக்காளி

வெளிநாடு போனால் இந்தியக் கடையைத் தேடி அலையாமல் முதலில் உள்ளூர்ச் சந்தைக்குள் நுழையுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நூற்றுக்கு நூறு உண்மை.

நான் கொடைக்கானல் பக்கம் பூம்பாறைக்காரன். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். ஒரு ஜூலை மாதம், நல்ல குளிர். சந்தையில் 'டமரில்லோ' என்று எழுதிவைத்த கூடையில் பார்த்தால் எங்கள் கொல்லை மரத்தக்காளி! கோழிமுட்டை அளவு, கருஞ்சிவப்பு, அதே நீளக் காம்பு. கையில் எடுத்ததும் கண் கலங்கிவிட்டது.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பழம் அது. டமரில்லோ என்பது 1967இல் நியூசிலாந்துக்காரர்கள் விற்பனைக்காக வைத்த பெயர். பாதியாக வெட்டி, சர்க்கரை தூவி, கரண்டியால் வழித்துச் சாப்பிடுகிறார்கள். நான் அம்மா செய்வதுபோல் அடுப்பில் சுட்டு, கசக்கும் தோலை உரித்து, பச்சை மிளகாய், பூண்டு, உப்பு சேர்த்து நசுக்கினேன். பூண்டுதான் போதவில்லை, நம் மலைப்பூண்டின் காரம் அதில் இல்லை.

இப்போது ஊருக்கே வந்துவிட்டேன். போன வாரம் சர்க்கரை தூவி அம்மாவுக்குப் பாதிப் பழம் கொடுத்தேன். மறுபாதியையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.